ஐஸ் இல்லாமல் வந்த ரத்தம்

ஹோமோசிஸ்டீன் 21. பி12, ஃபோலிக் சத்து குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற பொருள் அது. பக்கத்திலேயே 15 வரை சரி என்று அச்சாகிவிடும், யார் பார்த்தாலும் அதிகம் என்றுதான் படிப்பார்கள். லேபிலிருந்து அந்த ரிப்போர்ட்டை விட்டது டெக்னீஷியனான நான்தான்.

ரத்தம் ஏற்காட்டில் ஒரு பெரியவரிடம் எடுத்தது. குழாயில் 7.10 என்று எழுதியிருந்தது, சேலத்தில் என் மேஜைக்கு வந்தபோது 10.20, ஐஸ் இல்லை. இந்தப் பரிசோதனைக்கு எடுத்தவுடன் ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே அதைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும், மணிக்குச் சுமார் பத்து சதவீதம் ஏறும். கழித்துப் பார்த்தேன், 16 வந்தது. அப்படியும் 15க்கு மேல்தானே என்று தோன்றியது. மறுபடி ரத்தம் கேட்டால் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற அவர் வீட்டாருக்கு இன்னொரு நாள் கூலி போகும், அந்த வயசில் பெரியவரை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கூட்டி வர வேண்டும். சரி என்று விட்டுவிட்டேன்.

மகள்தான் வாங்க வந்தார். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் காட்டினார்: மூளையின் நடுத்தமனியில் சுருக்கம், வெண்பகுதியில் திட்டுகள், அவற்றை அளக்கும் ஃபசேகாஸ் அளவில் 2, அதாவது திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன. மூளையின் ஆழத்து வெண்பகுதி வாய்க்காலின் கடைமடை மாதிரி, மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

"அண்ணா, இது வெறும் சத்துக் குறைவுதானுங்களே? மாத்திரை போட்டா அப்பாவுக்கு மறதி போயிருமுங்களா?"

"டாக்டர்கிட்ட கேளுங்கம்மா" என்றேன்.

விதிப்படி அதுதான் சரி, ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் ரத்தம் மூன்று மணி நேரம் தாமதம் என்பது விளக்கம் இல்லையே, அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். பி12, ஃபோலிக் மாத்திரையால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். 2004இல் வந்த விஸ்ப் ஆய்வில், பக்கவாதம் வந்த 3,680 பேரில் அதிக அளவு வைட்டமின் எடுத்தவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மறுபடி பக்கவாதம் வருவது மட்டும் குறையவில்லை. அது தெரிந்தவன்தான், அந்த அம்மா நிம்மதியாகச் சிரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரிப்போர்ட்டை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார், உள்ளே பாதி காலியான பிரஷர் மாத்திரை அட்டை தெரிந்தது. "அப்போ இது இனி வேண்டாமுங்களா?" என்றார். "ஐயோ, அதை நிறுத்தவே நிறுத்தாதீங்க" என்று உடனே சொல்லிவிட்டேன். அப்போது மட்டும் விதி எங்கே போனது என்று தெரியவில்லை. அதைச் சொன்னவனுக்கு இதையும் சொல்ல ஒரு நிமிஷம்தானே ஆகியிருக்கும். ஒருவேளை சொல்லியிருந்தால், எண்ணே தப்பு என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருப்பாரோ, மாத்திரையையும் சேர்த்து?

பதிவேட்டில் அவர் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், இன்னும் கூப்பிடவில்லை.