தேயிலையிலும் குருதியிலும் ஒரே ஹீம்

குன்னூர் வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குள் போய்வந்தவர்கள், சிடிசி என்னும் நொறுக்கிச் சுருட்டும் எந்திரத்தின் உருளைகளில் நொறுங்கி விழும் பச்சைத் தூள் சிறிது நேரத்தில் செம்பு நிறம் கொள்வதைப் பார்த்திருப்பார்கள். இந்த மாற்றத்தில் பெரும்பங்கு பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதிக்கு உரியது. அதன் உலோகம் செம்பு. ஆனால் இலையில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களான கேட்டகின்கள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிதளவு உண்டாகிறது. அதைக் கொண்டு அதே கேட்டகின்களை மேலும் மாற்றவல்ல பெராக்சிடேஸும் இலையில் உண்டு. இந்தத் துணை நொதியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன், ஏனெனில் அதன் நடுவில் இருப்பது ஹீம், அதாவது நம் குருதியைச் சிவப்பாக்கும், நடுவில் இரும்பு கொண்ட அதே வளையம்.

பெராக்சிடேஸின் இரும்பை ஹைட்ரஜன் பெராக்சைடு நெருங்கியதும், அருகில் காத்திருக்கும் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஒரு புரோட்டானை இடம் மாற்றிக் கொடுக்கிறது. ஆர்ஜினின் என்னும் மற்றோர் அமினோ அமிலம், பெராக்சைடின் இரு ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்பு உடைவதற்குத் துணைநிற்கிறது. ஒரு ஆக்சிஜன் நீராக வெளியேற, மற்றொன்று இரும்பிலேயே தங்கிவிடுகிறது. இப்போது இரும்பு நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. இரும்பைச் சுற்றியுள்ள ஹீமின் வளையமான பார்ஃபிரினும் ஒரு எலக்ட்ரானை இழந்திருக்கிறது. குதிரைமுள்ளங்கியின் பெராக்சிடேஸில் இந்த முதல் இடைநிலை பச்சையாகவும், ஒரு எலக்ட்ரானைப் பெற்ற பிறகு வரும் இரண்டாம் இடைநிலை சிவப்பாகவும் இருக்கும். வேதிவினையின் படிகளை நிறத்தாலேயே பின்தொடர முடிகிற இத்தகைய வாய்ப்பு நொதியியலில் அரிது. அந்த இரண்டு எலக்ட்ரான்களையும் ஒவ்வொன்றாகத் தருபவை ஃபீனால் வகைச் சேர்மங்கள்; தேயிலையில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

வெப்பத்தை ஓரளவு தாங்கும் நொதி இது; இதுவே செயலிழந்தால் மற்ற நொதிகளும் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். ஆகவேதான் கேரட், பட்டாணி போன்ற மலைக்காய்கறிகளை உறையவைப்பதற்கு முன் வெந்நீரில் போட்டு எடுத்தது போதுமா என்று அறிய, குவாயக்கால் என்னும் ஃபீனால் சேர்மமும் பெராக்சைடும் விட்டுப் பார்க்கிறார்கள். செம்பழுப்பு நிறம் தோன்றினால் பெராக்சிடேஸ் இன்னும் உயிர்ப்புடன் இருக்கிறது என்று பொருள்.

பெராக்சைடைச் சிதைக்கும் இன்னொரு நொதியான கேட்டலேஸிலும் ஹீம்தான் இருக்கிறது; ஆனால் அங்கே இரும்பைக் கீழிருந்து பற்றியிருப்பது ஹிஸ்டிடின் அல்ல, டைரோசின் என்னும் அமினோ அமிலம். இதன் முதல் இடைநிலை ஃபீனாலுக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டாவது பெராக்சைடு மூலக்கூறிடமிருந்தே இரு எலக்ட்ரான்களையும் வாங்கிக்கொண்டு, அதை ஆக்சிஜனாக வெளியேற்றிவிடுகிறது. கவாத்து வெட்டும்போது கையில் பட்ட காயத்தில் பெராக்சைடு விட்டால் நுரை பொங்குவது இதனால்தான். நுரை வந்தால் கிருமி சாகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது, ஊற்றிய மருந்தை நம் உடலின் கேட்டலேஸ் சிதைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

ஹீமோகுளோபினும் பெராக்சைடுடன் வினைபுரியும், ஆனால் பெராக்சிடேஸைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக. அதன் பணி ஆக்சிஜனைச் சுமப்பது; பெராக்சைடைப் பிளக்கத் தேவையான ஆர்ஜினின் அங்கே இல்லை. மூன்றாம் நிலை இரும்பு கொண்ட மெட்ஹீமோகுளோபின் பெராக்சைடைச் சந்தித்தால், இழந்த எலக்ட்ரானை ஈடுசெய்யப் புரதம் தன் அமினோ அமிலங்களையே பறிகொடுக்கிறது. அளவு மிஞ்சினால் ஹீம் வளையமே சிதைந்து இரும்பு வெளியேறும்.

கேட்டலேஸுக்கும் ஹீமோகுளோபினுக்கும் உள்ள உறவை வெளிக்காட்டியது ஜப்பானில் நடந்த ஒரு அறுவை சிகிச்சை. 1946இல் தக்கஹாரா என்னும் காது மூக்குத் தொண்டை மருத்துவர், ஒரு சிறுமியின் வாய்ப்புண்ணில் பெராக்சைடு ஊற்றியபோது நுரையே எழவில்லை, குருதி கருத்துப்போயிற்று. அச்சிறுமியின் குருதியில் கேட்டலேஸ் இல்லை, ஆகவே முழு அடியையும் ஹீமோகுளோபின் வாங்கியிருக்கிறது. அத்தகைய குறைபாடு உள்ளவர்களில் சிலருக்கு வாய்ப்புண் வந்தாலும், பலர் எந்தத் தொல்லையும் இன்றியே வாழ்கிறார்கள். சிவப்பணுக்களில் அன்றாடம் உண்டாகும் சிறிதளவு பெராக்சைடை அகற்றக் குளூட்டாத்தயோன் பெராக்சிடேஸும் பெராக்சிரெடாக்சினும் இருக்கின்றன. முன்னது செலினியத்தாலும் பின்னது கந்தகத்தாலும் வேலை செய்கின்றன, இரண்டிலும் ஹீம் கிடையாது.