அனாஃபி தீவின் தெற்குக் கரை: மூன்று முறை நடந்து பார்த்த அனுபவம்

கிரீஸின் எஜியன் கடலில் சந்தோரினித் தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அனாஃபி என்னும் தீவு இருக்கிறது. கப்பலில் சந்தோரினியைத் தாண்டியதும் பயணிகளில் பெரும்பாலோர் இறங்கிவிட, மிச்சம் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது. நான் அங்கே சென்றதன் நோக்கம் ஒன்றுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளிசீதி கடற்கரையில் தொடங்கி, கரையை ஒட்டிய பழைய ஒற்றையடிப் பாதையில் கிழக்கு நோக்கி நடந்து, வாகனம் எட்டாத சிறு மணற்கரைகளைப் பார்த்துக்கொண்டே தீவின் கிழக்கு முனையில் உள்ள மடாலயத்தை ஒரே நாளில் அடைய வேண்டும். அதற்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

இந்தத் தீவின் நல்ல மணற்கரைகள் எல்லாம் தெற்கில்தான் இருக்கின்றன. கோடையில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், எஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று நாட்கணக்கில் வீசும். திசையைப் பார்த்தால் நம் வாடைதான். ஆனால் மார்கழிக்கு உரியதாக இல்லாமல் கொளுத்தும் கோடைக்கு உரியதாக இருக்கிறது. வடகரை அந்தக் காற்றை நேராக வாங்கிக்கொள்ள, மலையின் மறைவில் கிடக்கும் தென்கரையில் கடல் குளம்போல் அடங்கிவிடுகிறது.

முதல் முயற்சி ஆகஸ்ட் 30. காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருடன் பத்து மணிக்குக் கிளம்பினேன். இதைவிடத் தவறாக ஒரு நடையைத் தொடங்க முடியாது. கிளிசீதியைத் தாண்டியதும் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு முள்ளும் காட்டுத் தைம் என்ற மணச்செடியும் மட்டுமே பரவிக் கிடக்கின்றன. கத்சூனி என்ற முதல் சிறு கரையை அடைவதற்குள் தண்ணீர் பாதி தீர்ந்துவிட்டது. அதற்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் மேலே சென்றதைத் தேர்ந்தெடுத்தேன். கால் மணி நேரம் கழித்து அது ஒரு முட்புதரின் அடியில் முடிந்துபோனது. நான் நடந்து வந்தது ஆட்டுத்தடம். கால்கள் இரண்டிலும் கீறல்களோடு திரும்பி வந்தேன்.

ஆட்டுத்தடத்துக்கும் மனிதப் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை அன்று மாலை உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். ஆடு சரிவுக்குக் குறுக்காகப் போகும். அதன் தடம் மேயும் இடம் வந்ததும் பல கிளைகளாகச் சிதறிவிடும். மனிதப் பாதையில், தேய்ந்துபோன இடங்களில்கூட, காலை ஊன்றுவதற்கென்று பதித்த தட்டையான கல் ஒன்றிரண்டாவது தென்படும். பக்கத்தில் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவரின் மிச்சம் இருக்கும். இந்த வகைச் சுவர் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கிரீஸும் இன்னும் ஏழு நாடுகளும் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. எனக்கோ அந்தச் சுவர்கள் வழிகாட்டிப் பலகைகளாகவே பயன்பட்டன.

இரண்டாவது முயற்சி செப்டம்பர் 3. இம்முறை மூன்று லிட்டர் தண்ணீர், முழுநீளக் கால்சட்டை, விடியலில் புறப்பாடு என்று எல்லாம் சரியாக இருந்தது, காற்றைத்தான் பார்க்கவில்லை. அறை கொடுத்திருந்த வீட்டம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் என் பையைப் பார்த்துவிட்டு, முகவாயால் கடலைச் சுட்டிக்காட்டி, "நோத்தியாஸ்; இன்றைக்குப் போகாதீர்கள்" என்றார். நோத்தியாஸ் என்றால் தென்காற்று. முகத்தில் மெல்ல வந்து தட்டியது தென்றலைப் போலத்தான் இருந்தது. இதற்கா பயப்படுவது என்று நினைத்துக்கொண்டே போனேன். கத்சூனியில் முந்தைய முறை நான் துண்டு விரித்திருந்த மணல் முழுவதும் அலைக்கு அடியில் இருந்தது. எஜியனில் கடலேற்றமும் இறக்கமும் மிகக் குறைவு என்பதால் நீர்மட்டத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. ஆனால் இந்தக் கரைகளின் மணற்பட்டை குறுகலானது. எங்கோ தெற்கே எழுந்த அலை வந்து சேர்ந்தால் நின்று பார்ப்பதற்குக்கூட இடம் கிடைப்பதில்லை. குளிக்காமலே திரும்பினேன். வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டு அத்திப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை செப்டம்பர் 7. வடக்கிலிருந்து மிதமான காற்று. ஏழு மணிக்குக் கிளிசீதியை விட்டுக் கிளம்பியபோது சூரியன் நேரே கண்ணில் அடித்தது. கிழக்கு நோக்கி நடப்பவர்கள் விளிம்பு வைத்த தொப்பியை மறக்கக்கூடாது. கத்சூனியைக் கடந்து, பிரிவில் இம்முறை கீழ்ப்பாதையைப் பிடித்து, ஃப்லமுரு என்ற கரைக்கு இறங்கினேன்.

அங்கே யாரும் இல்லை. கரையோரம் முழுவதும் பழுப்பு நிறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஏதோ குவிந்திருந்ததைக் கண்டதும் குப்பை என்றே எண்ணினேன். கிட்டே போய்க் கையில் எடுத்தால், காய்ந்த நாடா போன்ற இலைகள். பொசிடோனியா ஓசியானிகா என்னும் கடற்புல் அது. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்வது. பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் தாவரம். உதிர்ந்த இலைகளை அலை கரையில் கொண்டுவந்து மெத்தையாக அடுக்க, அந்த மெத்தை மணலை அரிப்பிலிருந்து காக்கிறது. இலை நார்களே அலையில் உருண்டு உருண்டு எலுமிச்சை அளவில் பந்துகளாகவும் கிடந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், தேங்காய் நாரைப் போலவே இருந்தது. சுற்றுலாக் கரைகளில் இவற்றை வாரி அகற்றிவிடுவதால் மணல் வெள்ளையாகத் தெரிகிறது. கைபடாத கரை பார்வைக்கு அழுக்காகத்தான் இருக்கும் என்பது எனக்குப் பழக ஒரு மணி நேரம் ஆயிற்று. நார்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கல் ஒன்று எடையே இல்லாமல் கிடந்தது. நீரில் போட்டதும் மிதந்தது. நுரைக்கல்.

நீந்துவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வடகாற்று நாளில் கரையோரம் நீர் அசையாமல் இருந்தாலும், காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மிதவை மெத்தையில் கண்ணயர்ந்தால் விழிக்கும்போது நெடுந்தொலைவு போயிருப்போம்.

அடுத்து வரும் ரூக்குனாஸ் என்பதுதான் தீவின் பெரிய மணற்கரை. அங்கே பேருந்தும் வருகிறது. நிழலுக்கு அல்மிரிக்கி மரங்கள் உள்ளன. தூரத்திலிருந்து சவுக்குபோலத் தெரியும் இவற்றின் இலைகள் உப்பைக் கசிய விடுகின்றன. ஒரு கிளையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கூடாரமடிப்பது சட்டப்படி தடை என்றாலும் மரத்தடிகளில் சில கூடாரங்கள் இருந்தன. அவர்கள் தம் குப்பையைப் பையில் கட்டி மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு மேல் நான் ஏதும் சொல்வதற்கில்லை.

கிரீஸில் கடற்கரை பொதுச் சொத்து. ஆனாலும் வாடகைச் சாய்வு நாற்காலிகள் மணலை முழுவதும் பிடித்துக்கொண்டதால், 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் துண்டும் கையுமாகப் போராட்டத்தில் இறங்கினார்கள். 2024இல் அரசு விதிகளைக் கடுமையாக்கியதோடு, நாற்காலியோ குடையோ போடவே கூடாத 198 கரைகளின் பட்டியலையும் அறிவித்தது. நான் அன்று கடந்து வந்த சிறு கரைகளை இதுவரை பாதுகாத்து வந்திருப்பது சட்டத்தைவிட அந்த முட்பாதைதான் என்பது என் எண்ணம். பிளாஸ்டிக்கை மட்டும் எந்தப் பாதையும் தடுப்பதில்லை. அடுத்து வந்த கத்தாலிமாத்சாவில், கஸ்தெல்லி குன்றின் மேல் இருந்த பண்டைய நகரத்தின் துறைமுகம் இருந்த இடத்தில், பாட்டில் மூடிகளும் அறுந்த வலைத் துண்டுகளும் பாறை இடுக்குகளில் செருகிக் கிடந்தன. கொண்டுபோன பையில் கொண்ட மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிற்பகலில் மடாலயம் தெரிந்தது. பழைய அப்போலோ கோயிலின் கற்களை அதன் சுவர்களில் இன்றும் காணலாம். அதன் பின்னே கலமோஸ் என்னும் ஒற்றைப் பாறை கடலிலிருந்து 450 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. மறுநாள் செப்டம்பர் 8 மாதாவின் திருவிழா என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. பெரிய அண்டாக்களில் சமையல் நடந்துகொண்டிருந்தது. வீட்டம்மாவும் அங்கே இருந்தார். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வலைத் துண்டைப் பார்த்தவர், அதை வாங்கி விரித்துக் கண்ணியை அளந்துவிட்டு, "இது எங்கள் ஊர் வலை இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.