நாலு சிலிண்டருக்கு ஒரு பட்டியல்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போவை வாங்கிவிட்டுத்தான் எஞ்சினைப் பற்றி யோசிக்கிறார்கள். யாரோ விற்றார், விலை படிந்தது, பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "இதைப் போட்டா எவ்வளவு ஹெச்பி வரும்ணா?" இதுதான் முதல் கேள்வி. பெங்களூரு வில்சன் கார்டன் பக்கம் ரொம்ப வருஷமாக எஞ்சின் கட்டுகிற எனக்கு இந்தக் கேள்வி மேல் கோபமெல்லாம் இல்லை. பதில் மட்டும் சொல்ல மாட்டேன். எங்கே ஓட்டப் போகிறீர்கள், என்ன பெட்ரோல் ஊற்றுவீர்கள், வண்டியில் இருப்பது என்ன கியர்பாக்ஸ் என்று திருப்பிக் கேட்பேன்.

சென்ற வருஷம் வந்த ஒரு தம்பி டர்போ வாங்கியிருக்கவில்லை. அதற்குப் பதில் லேப்டாப்பில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். சொந்த ஊர் கோவில்பட்டி, வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2004இல் இங்கே விற்பனைக்கு வந்த அந்த வண்டியில் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 ஹெச்பி. அந்தக் காலத்தில் அது பின்னால் வந்து நின்றால் வழிவிட்டு ஒதுங்குவோம். பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். 500 ஹெச்பி தாங்கும் டர்போ, நிமிடத்துக்கு 1,000 சிசி பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், கலவையைக் குறைவாக அமுக்கும் (குறைந்த கம்ப்ரஷன்) பிஸ்டன், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் விலை கூடிய ராடு. ஒவ்வொன்றும் அதனதன் வகையில் உசத்திதான். ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று தெரியாது. கியர்பாக்ஸுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

நான் பட்டியலைப் பின்னாலிருந்து எழுதுகிறவன். சக்கரத்தில் ஆரம்பித்து ஏர் ஃபில்டரில் முடிப்பேன். இந்த வண்டியில் இருப்பது 5 கியர் கொண்ட பெட்டி, வயது இருபதைத் தாண்டியது. மாற்றுக் கியர்பாக்ஸுக்குக் காசு இல்லை என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் 330 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க், அதாவது முறுக்கு விசை, கொடுக்க எனக்கு மனம் வராது. அந்த எண்ணை முதல் வரியாக எழுதினேன். தம்பிக்கு முகம் வாடிப்போயிற்று. "அவ்வளவுதானா?" என்றார். 6,500 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் நின்றாலே 280 ஹெச்பி கிட்ட வந்துவிடும், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டுப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

டார்க்கும் ஹெச்பியும் வேறு வேறு இடத்தில் எஞ்சினைப் பதம் பார்க்கும் என்பதைப் புரிய வைப்பதற்குத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. சின்ன டர்போவை முறுக்கி 3,000 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் எடுத்தால் திறன் 170 ஹெச்பிதான், ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். கம்பெனி ராடு வளைவது இந்த இடத்தில். மேல் ஆர்பிஎம்மில் கதையே வேறு. பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பின், ரிங், ராடின் மேல் முனை எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்று வையுங்கள். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 86.4 மி.மீ., ராடு நீளம் 144 மி.மீ. 7,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் ராடை இழுக்கும் விசை ஒன்றரை டன்னைத் தொடும். அதைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு போல்ட்கள். வளைவது டார்க்கால், அறுவது ஆர்பிஎம்மால். அதனால் ராடு வாங்கும்போது தண்டின் தடிமனைவிட போல்ட் என்ன ரகம் என்றுதான் முதலில் பார்ப்பேன். 4340 ரக ஸ்டீலில் அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்) எச் பீம் ராடும், ஏஆர்பி கம்பெனியின் 2000 ரக போல்ட்டும் இந்த அளவுக்குத் தாராளம். ஆர்டர் போடும் முன் பிஸ்டன் பின்னின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் சிலவற்றுக்கு 20 மி.மீ. பின், பிறகு வந்தவற்றுக்கு 19. எஞ்சினைப் பிரிக்காமல் ஆர்டர் போட்டவர்களின் ராடு செட், இன்னும் ஜே.சி. ரோட்டில் இரண்டு கடைகளில் தூசி படிந்து கிடக்கிறது.

அடுத்தது காற்று. 1.8 லிட்டர் எஞ்சினிலிருந்து 280 ஹெச்பி வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் 12.5 கிலோ காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு 6,500 ஆர்பிஎம்மில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, 2.1 பார் முழு அழுத்தம் தேவை. இங்கேதான் பெங்களூரு குறுக்கே வரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம். இங்கே காற்றழுத்தமே 0.91 பார்தான். மீட்டரில் 1.2 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம், காட்டினால் உண்மையில் 2.11. அதே 1.2ஐச் சென்னையில் காட்டினால் 2.21.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. பெங்களூரில் அதே முழு அழுத்தத்தைக் கொடுக்க டர்போ அதிகமாகச் சுழல வேண்டும். சென்னையில் 2.1 மடங்கு அமுக்கினால் போதும், இங்கே 2.3 மடங்கு அமுக்க வேண்டும். அமுக்க அமுக்கக் காற்று சூடாகும். டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரஷர் தன் வசதியான எல்லையைத் தாண்டிவிட்டால் பூஸ்ட் ஏறும், சூடும் ஏறும், திறன் மட்டும் ஏறாது. அதனால் வேறு ஊர்க்காரர் கொடுத்த பட்டியலை அப்படியே நகல் எடுக்க முடியாது. மறுபக்கம் இதைவிட ஆபத்து. தம்பி ஓட்டப்போவது சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில். இங்கே டியூன் செய்துவிட்டு லாரியில் ஏற்றிக் கீழே இறக்கினால், வெளிக்காற்றை ஒப்பிட்டு வேலை செய்யும் கையால் திருகுகிற பூஸ்ட் கன்ட்ரோலர் அதே 1.2ஐப் பிடிக்கும். எஞ்சினுக்குள் 5 சதவீதம் கூடுதல் அழுத்தம், அதோடு ஏப்ரல் மாதச் சென்னையின் 38 டிகிரி. பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் நாக் வருவதற்கு இது போதும். கையால் திருகும் கன்ட்ரோலர் பட்டியலில் இருந்தது, அடித்துவிட்டேன். இந்த வண்டியின் பாஷ் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) முழு அழுத்தத்தை வைத்தே கணக்குப் போடும். அதன் வேலையை அதுவே செய்யட்டும்.

டர்போவாக நாங்கள் எடுத்தது காரெட் ஜிடி 2860 ஆர்எஸ். கம்ப்ரஷர் சக்கரம் 60 மி.மீ., பால் பேரிங், பழைய டிசைன். இதைவிடப் புதியவை நிறைய இருக்கின்றன. ஆனால் எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றை நன்றாக அமுக்கும் என்று காட்டும் இதன் வரைபடத்தில் 280 ஹெச்பி நடுவில் விழுகிறது, ஓரத்தில் இல்லை. 3.7 கிலோமீட்டர் டிராக்கில் வளைவை விட்டு 4,000 ஆர்பிஎம்மில் வெளியே வரும்போது பூஸ்ட் கையில் இருக்கும். தம்பி கேட்ட பெரிய டர்போ அந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கும், அது விழிக்கும்போது அடுத்த பிரேக் வந்துவிடும்.

பிஸ்டனில் வாக்குவாதம் வந்தது என்னோடு அல்ல, எங்களுக்குச் சிலிண்டர் துளை கடையும் போரிங் வேலையைப் பார்க்கும் பெரியவரோடு. ஹெச்.எம்.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீராமபுரத்துக்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டி முடிப்பார். தம்பி 2618 அலுமினியக் கலவை பிஸ்டன் வேண்டும் என்றார். சிலிக்கான் குறைவு, அடி வாங்கினாலும் சட்டென்று உடையாது என்பதெல்லாம் சரிதான். ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் சிலிண்டரில் கூடுதல் இடைவெளி விட வேண்டும், குளிரில் டகடகவென்று தட்டும். 4032 கலவையில் சிலிக்கான் 12 சதவீதம் கிட்ட. விரிவு குறைவு, இடைவெளியும் குறைவு. "ரேஸ் வண்டின்னா அதைப் போடு. மாசத்துல ஒரு நாள் ஓட்டி மூணு வருஷம் வரணும்னா இதைப் போடுப்பா" என்றார் பெரியவர். 280 ஹெச்பிக்கு எனக்கும் 4032தான் சரியென்று பட்டது. கம்ப்ரஷன் விகிதம் 9. தம்பி எழுதியிருந்த 8.5, பூஸ்ட் வராத நேரத்தில் வண்டியை மந்தமாக்கும்.

பிஸ்டன் அளவைக்கூடப் பிளாக்கை அளந்த பிறகுதான் சொல்ல முடியும். புதிதில் 81 மி.மீ. இருந்த துளை இப்போது மேலே அகன்று, கீழே குறுகி, கொஞ்சம் முட்டை வடிவமாகவும் ஆகியிருந்தது. 81.5க்குப் போக முடிவானது. பிஸ்டன் கையில் வந்து, நாலையும் தனித்தனியே அளந்த பிறகே ஹோனிங், அதாவது துளையைக் கடைசியாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது. அதிலும் பெரியவர், பிளாக்கும் பிஸ்டனும் ஒரே அறையில் ஒரு ராத்திரி கிடக்காமல் மைக்ரோமீட்டரைத் தொட மாட்டார். 10 டிகிரி வித்தியாசத்தில் 4032 பிஸ்டன் 16 மைக்ரான் விரியும், இரும்புத் துளை 9 மைக்ரான்தான் விரியும். நாம் விடப்போகும் இடைவெளியே 50 மைக்ரான் என்னும்போது இந்த வித்தியாசத்தை எப்படி விடுவது? ஹோனிங்கின்போது சிலிண்டர் ஹெட் இருக்கும் இடத்தில் கனத்த இரும்புத் தகடு ஒன்றை முழு டார்க்கில் முடுக்கியிருப்பார். ஹெட்டை முடுக்கும்போது துளை கோணுவது போலவே அப்போதும் கோணும். அந்த நிலையில் வட்டமாக்கினால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். தம்பியின் பட்டியலில் இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை, வால்வ் கவருக்கு பெயின்ட் அடிக்க ஒதுக்கியதைவிடக் குறைவு. அதைத் தலைகீழாக மாற்றினோம்.

பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை 0.45 மி.மீ. கிட்ட வைத்தோம். டர்போ எஞ்சினில் ரிங் அதிகம் சூடாகி நீளும், இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்து கையில் வரும். கொஞ்சம் கூட இருந்தால் சிறிது புகை கசியும், அவ்வளவுதான்.

எரிபொருளுக்கு வருவோம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி 100 என்று 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது எங்களுக்கெல்லாம் தீபாவளிதான். ஆனால் அது எல்லா பங்கிலும் கிடைக்காது. வழியில் கிடைப்பதை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும், வழியில் கிடைப்பது ஈ20. எத்தனால் 20 சதவீதம் கலந்தால் அதே காற்றுக்கு 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். 280 ஹெச்பிக்கு, இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறக்க விடாமல் கணக்குப் போட்டால் 490 சிசி வரும். எத்தனாலைச் சேர்த்தால் 530. ஆகவே 550 சிசி. 1,000 சிசி இன்ஜெக்டர் ஐடிலில் ஒரு சொட்டை அளந்து விட முடியாமல் திணறும், சிக்னலில் வண்டி குலுங்கும். சிக்னல் என்று சொல்லிவிட்டேன், ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி விவரத்தை மாற்றிய வண்டி ரோட்டுக்கு வரவே கூடாது. தம்பியிடம் இதை எழுதியே கொடுத்தேன்.

சில்லறைப் பொருள்களில் ஸ்பார்க் பிளக் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு படி குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடுவது, என்று எல்லாரும் சொல்வார்கள், கடைக்குப் போய்க் குழம்புவார்கள். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் கூடினால் சூடு. பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் 1 மி.மீ. துளையுள்ள அடைப்பானும், திரும்பி வரும் வழியில் தாராளமான குழாயும் வேண்டும். சாய்வு சரியில்லாத ரிட்டர்ன் குழாயால் புகை விட்டு, டர்போ போய்விட்டது என்று கழற்றி விற்ற டர்போக்களும் சந்தையில் உண்டு. வாங்குகிறவருக்கு அது லாபம்.

கடைசியில் தம்பி விடாப்பிடியாக நின்றது, மிச்ச பூஸ்ட் காற்றை வெளியே விடும் ப்ளோ ஆஃப் வால்வுக்கு. கியர் மாற்றும்போது புஸ்ஸென்று சத்தம் வர வேண்டுமாம். இந்த எஞ்சின் உள்ளே வரும் காற்றை அளந்து பெட்ரோல் விடுகிறது. அளந்த காற்றை வெளியே விட்டுவிட்டால் இல்லாத காற்றுக்கு ஈசியூ பெட்ரோலை ஊற்றும், ஒவ்வொரு கியருக்கும் ஒரு நொடி பெட்ரோல் மிகுந்து (ரிச்சாகி) பின்னால் கருப்பாகத் துப்பும். காற்றை உள்ளேயே திருப்பி விடும் வால்வுதான் என்றேன். "சத்தமே வராதாண்ணா?" என்றார். ஏர் ஃபில்டர் பக்கம் காதை வைத்தால் கொஞ்சம் கேட்கும் என்றேன். அந்த வரியை அவரே அடித்தார். மிச்சமான காசில் ஆயில் கூலரும் நல்ல ஹோஸ் க்ளாம்ப்களும் வாங்கினோம்.