நடக்கிறது

லிஃப்ட் கதவில் ஒரு தாள். "வேலை நடக்கிறது. படியில் நடந்து செல்லவும்."

நான்கு மாடி. மூச்சு வாங்க ஏறும்போதுதான் உறைத்தது: வேலையும் நடக்கிறது, நானும் நடக்கிறேன். வேலைக்கு ஏது கால்?

யோசித்தால் இந்த 'நட' எங்கெல்லாம் போயிருக்கிறது! குணம் வெளியே தெரிந்தால் நடத்தை. எழுதும் விதம் நடை. வாசலுக்கும் நடை என்றே பெயர். அடுத்தவரை நடக்க வைத்தால் நடத்து. அதிலிருந்து வந்தவர் நடத்துநர். (பேருந்தில் அதிகம் நடப்பவர் என்னவோ அவர்தான்.)

மலையாளத்தில் நடக்குக, கன்னடத்தில் நடெ, தெலுங்கில் நடச்சு. ஒரே வேர். தனித்தனி வீடாகப் போன பிறகும் யாரும் அதை விடவில்லை.

சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தேன். தாள் அப்படியே இருந்தது. வேலைதான் நடக்கவில்லை, ஆளையே காணோம்.