டேங்க் நிறைந்திருக்கும், மாடியில் தண்ணீர் வராது

சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரை பிளம்பர்களுக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: “அண்ணே, டேங்க் நெறஞ்சு வழியுது, மாடி பாத்ரூம்ல மட்டும் சொட்டுத் தண்ணி இல்ல.” வீடு நிறைய விருந்தாளிகள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிவதற்குள் எல்லோரும் குளித்துக் கிளம்பியதில் ஆயிரம் லிட்டர் டேங்க் காலி. பிறகு மோட்டார் போட்டு நிரப்பினாலும் மாடிக் குழாய் ‘உஸ்’ என்று மூச்சுவிட்டு ஓய்ந்துவிடும். பைப்புக்குள் காற்று சிக்கி வழியை மறித்திருக்கும். ஏர் பிடித்துவிட்டது என்போம்.

ஏரா, அடைப்பா என்பதைப் பைப்பில் கை வைக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நேற்று வரை நன்றாக வந்தது, டேங்க் காலியான பிறகு நின்றது என்றால் ஏர். மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது என்றால் உப்பு படிந்த அடைப்பு. ஒரே ஒரு குழாயில் மட்டும் குறை என்றால் லைனைத் தொடவே வேண்டாம். அந்தக் குழாய் மூக்கின் சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

ஏர் பிடிக்கும் வீடுகளில் முதலில் மொட்டை மாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரைப் பார்க்க வேண்டும். டேங்க் ஒரு அடி மேடையில் உட்கார்ந்திருக்கும். அவுட்லெட் தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில். அங்கிருந்து வரும் பைப், சுவரில் ஓட்டை போடச் சோம்பல்பட்டு, மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி வெளிப்பக்கம் இறங்கியிருக்கும். தண்ணீர் மட்டம் மூன்றடிக்கு மேல் இருக்கும்வரை தன் எடையிலேயே சுவரைத் தாண்டும். அதற்குக் கீழே போனதும் வெளியே இறங்கும் தண்ணீர் இழுக்கிற இழுப்பில்தான் வருகிறது, டியூப் போட்டுக் கேனிலிருந்து எண்ணெய் இறக்குவது போல. எங்காவது ஒரு ஜாயின்ட்டில் கொஞ்சம் காற்று புகுந்தால் இழுப்பு அறுந்துவிடும். டேங்கில் பாதித் தண்ணீர் கிடக்க, கீழே வறண்ட குழாய். வீட்டுக்காரர் டேங்க் சின்னது என்று நினைத்து இன்னொன்று வாங்கப் போவார்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, பைப் சுவர் மேல் ஏறி இறங்கும் மேட்டின் உச்சியில் ஒரு ஏர் பைப், அதாவது காற்று போய்வர முனை திறந்த பைப், வைப்பது. வைத்தால் அந்த இழுப்பும் போய்விடும். பாதி டேங்க் நிரந்தரமாகப் பயன்படாது. சரியான வேலை ஒன்றுதான்: சுவரின் அடியில் இரண்டு அங்குல ஓட்டை, அதன் வழியாகப் பைப், சுற்றிலும் சிமென்ட் கலவைப் பூச்சு. அரை நாள் வேலை. இதைச் சொன்னால், “காத்தை மட்டும் எடுத்து விடுங்கண்ணே, போதும்” என்பார்கள். எடுத்துவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு மறுபடியும் போன் வரும்.

டேங்க் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் சின்ன மேடுகள் வேறு கதை. படிவாசலைத் தாண்ட ஏறி இறங்கும் பைப்பில், இறங்கும் பக்கத்தில் காற்று நிற்கும். அந்தக் காற்றின் உயரம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தம் நஷ்டம். மாடி ஷவருக்கு டேங்க் அடியிலிருந்து கிடைப்பதே சுமார் நாலரை அடி. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பதால் இது 0.14 கிலோகூட வராது. ஒரு அடி மேடு மூன்று இருந்தால் மிச்சம் ஒன்றரை அடி. கீழ் வீட்டில் இருபதடி இருப்பதால் அங்கே மூன்றடி போனது யாருக்கும் தெரியாது. மாடிக்காரர் மட்டும் புலம்புவார். இங்கே ஏர் பைப் உதவும்: மேட்டின் உச்சியில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு) போட்டு அரை அங்குலப் பைப்பை டேங்க் ஓவர்ஃப்ளோவுக்கு ஒரு அடி மேலே ஏற்றி, முனையைக் கீழ்நோக்கித் திருப்பி வலை கட்ட வேண்டும். உயரம் குறைந்தால் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றும். பிரஷர் பம்ப் வைத்த லைனில், பம்புக்குப் பிறகு இதை வைக்கவே கூடாது.

மேடு கட்டும்போது மட்டும் உண்டாவதில்லை, நம் ஊர் வெயிலும் உண்டாக்கும். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் பத்து மீட்டர் நீளத்தில், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 20 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையும் இறுகியிருந்தால் நடுவில் வில்லாக வளையும், கிளாம்ப் இல்லாத இடத்தில் தொய்யும். மூன்றடிக்கு ஒரு கிளாம்ப், அதுவும் பைப் நகரும் அளவு தளர்வாக. வெள்ளை பெயின்ட் அடித்தால் சூடு குறையும், ஆனால் தண்ணீரில் கலக்கும் பெயின்டாக இருக்க வேண்டும். தின்னர் கலந்தது சிபிவிசியைக் கெடுக்கும்.

தண்ணீர் வராத குழாய்க்கு ஹேர் டிரையர் காட்டச் சொல்லும் வீடியோக்கள் குளிர் நாட்டுக்கானவை. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பருத்துப் பைப்பைப் பிளக்கும், அதனால் அங்கே அந்தப் பாடு. கொடைக்கானலில் மார்கழி, தையில் புல் மேல் உறைபனி படியும். மதுரையில் சூடு காட்டினால் பைப்தான் இளகும்.

அவசரத்துக்குக் காற்றை வெளியேற்ற, டேங்கிலிருந்து வரும் லைனை அடைக்கும் கேட் வால்வை முழுசாகத் திறந்து கீழ்த்தளக் குழாயிலிருந்து மேலே ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். துப்பல் நின்று சீராக வந்ததும் கீழிருந்து மேலாக மூட வேண்டும். அப்படியும் வராவிட்டால் மேல்தொட்டித் தண்ணீரே நன்றாக வரும் இன்னொரு குழாயிலிருந்து ஓஸ் மாட்டி, நின்ற குழாய் வழியாக ஒரு நிமிடம் எதிர்த் திசையில் தள்ளலாம். மாநகராட்சி நேரடி லைனோடு ஓஸைக் கோக்கக் கூடாது. அங்கே அழுத்தம் விழுந்தால் வீட்டுத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் போகும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், பிளாஸ்டிக் பைப் சில்லாக வெடிக்கும்.

உப்பு பற்றிச் சுருக்கமாக: போர் தண்ணீரில் அது கீசர் வாயிலும் ஷவர் துளையிலும்தான் முதலில் கட்டும். கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் போதும். டாய்லெட் ஆசிட் குரோம் பூச்சைத் தின்றுவிடும்.

வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிச் சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, நிறைந்த டேங்கின் அழுத்தம் பல கோளாறுகளை மறைத்துவிடும். டேங்கில் கால் பங்கு இருக்கும்போது கேட் வால்வை மூடி, லைனில் உள்ளதை வாளிகளில் வடித்துவிட்டு, ஷவரைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வைத் திறக்க வேண்டும். யாரும் எதையும் ஊதாமல் உறிஞ்சாமல் தண்ணீர் தானாக வந்தால், கூலி வாங்கிக்கொள்ளலாம்.