தாண்டிக்குடி வழியாக ஒரு சுற்று: பைக் பாதையை நாமே வரைவது

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வழி கேட்டால், எந்த வழிகாட்டிக் கருவியும் காரும் பஸ்ஸும் போகும் பெரிய மலைப்பாதையைத்தான் காட்டும். அழகில் அதற்குக் குறைவில்லை. டம்டம் பாறையருகே நின்றால், எதிர் மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவி வெள்ளிக் கோடாகத் தெரியும். ஆனால் வார இறுதியில் வளைவுக்கு வளைவு வாகனங்கள் வரிசை கட்டிவிடும். வண்டியைச் சாய்த்துத் திருப்புகிற சுகம் அங்கே கிடைக்காது.

எனக்குப் பிடித்தது வேறு சுற்று. பட்டிவீரன்பட்டியில் தொடங்கி, சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏற வேண்டும். ஊத்து என்ற இடத்தில் பெரிய பாதையைத் தொட்டு, பெருமாள்மலையில் மறுபடி பிரிந்து, அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவிக்கு இறங்க வேண்டும். இதைக் கருவி தானாக ஒருநாளும் சொல்லாது. அதற்கு நேரமும் தூரமும்தான் கணக்கு. வளைவுக்காகவே ஒருவன் சுற்றிப் போவான் என்பதை நாம்தான் வரைந்து காட்ட வேண்டும்.

கைப்பேசி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நகரத்துக்குள் போதும். மலையில் நான் பைக்குக்கென்றே செய்த ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவியான கார்மின் ஸூமோ எக்ஸ்டியைத்தான் நம்புகிறேன். கையுறையோடு தொட்டாலும் திரை கேட்கும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். பைக் என்ஜினின் அதிர்வு கைப்பேசிக் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. வரைபடம் கருவிக்குள்ளேயே இருப்பதால் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் அது வேலை செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு மலையடிவாரக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை.

பாதையைக் கணினியில், கார்மின் இலவசமாகத் தரும் பேஸ்கேம்ப் மென்பொருளில் வரைகிறேன். முழு வித்தையும் புள்ளி வைப்பதில் இருக்கிறது. புள்ளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் நிற்கப்போகும் இடம். அங்கே வந்ததும் கருவி அறிவிக்கும். தவறவிட்டால் திரும்பி வா என்று விடாமல் கூப்பிடும். மற்றது ஷேப்பிங் பாயிண்ட். பாதையை நாம் விரும்பும் பக்கம் இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் கடந்துபோகும். இந்தச் சுற்றில் தாண்டிக்குடி டீக்கடையும் கும்பக்கரையும் மட்டுமே முதல் வகை. மற்றவை எல்லாம் இரண்டாம் வகை.

ஊர்ப் பெயரின் மேல் புள்ளி வைக்கவே கூடாது. வரைபடத்தில் அந்தப் பெயர் கோயில் தெருவிலோ பள்ளிக்கூட வாசலிலோ உட்கார்ந்திருக்கும். கருவி நம்மை அங்கே கொண்டுபோய்த் திருப்பும். சாலைச் சந்திப்பின் மேலும் வேண்டாம். சந்திப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளி, நாம் போகவேண்டிய சாலையின் நடுவில் வைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் கவனம் தேவை. பெரும்பாறை ஏற்றத்தை வரைபடத்தில் பெரிதாக்காமல் பார்த்தால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். மேலே வைத்ததாக நினைத்த புள்ளி கீழ் மடிப்பிலோ பக்கத்துத் தோட்டத்து மண்பாதையிலோ விழலாம். அப்போது பாதைக்கோட்டில் முள் போல ஒரு சிறு நீட்டல் தெரியும்: உள்ளே போய் அப்படியே திரும்பி வரும் கோடு. வரைபடத்தைப் பெரிதாக்கி, பாதைக்கோடு முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, அந்த முட்களையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கருவிக்கு அனுப்புவேன்.

அனுப்பும்போது ரூட்டோடு டிராக்கையும் சேர்த்தே அனுப்புகிறேன். ரூட் என்பது புள்ளிகளின் கோவை. இடைப்பட்ட வழியைக் கருவி தன் வரைபடத்தைக் கொண்டு கணக்கிடும். கணினியில் ஒரு பதிப்பும் கருவியில் வேறொரு பதிப்பும் இருந்தால் கணக்கு மாறிவிடும். டிராக் என்பது வரைந்தபடியே நிற்கும் கோடு. அது திரையில் வேறு நிறத்தில் கிடந்தால், ரூட் எங்கே விலகினாலும் உடனே கண்ணில் படும். வழி தவறினால் தானாகவே புதுப் பாதை போடும் அமைப்பையும், கேட்டுவிட்டுப் போடும்படி மாற்றி வைப்பது நல்லது.

தாண்டிக்குடிப் பக்கம் போவதென்றால், கோடை மழை விழுந்த சில நாள்களில் போய்ப் பாருங்கள். காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினால் மல்லிகையை ஒத்த மணம் முகத்தில் அடிக்கும். மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், இடையிடையே மலைவாழை. நிழல் அடர்ந்த இடங்களில் திரையில் வண்டியின் அம்புக்குறி சாலையை விட்டுச் சற்றே நகரும். பதற வேண்டாம், வானம் திறந்ததும் சரியாகிவிடும்.

கருவியால் சொல்ல முடியாதவையும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். அதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அடுக்கம் சாலை குறுகலானது, மண்சரிவுக்குப் பேர்போனது. டீக்கடையில் கண்ணாடி டம்ளரை நீட்டிய அம்மா, நான் கேட்பதற்கு முன்பே, “அடுக்கம் பக்கமா தம்பி? நேற்று மழை இல்லை, இறங்கலாம். மேகம் கறுத்தால் மட்டும் பெரிய ரோட்டிலேயே போய்விடு” என்றார். அவருடைய சொல்லை நம்பித்தான் பெருமாள்மலையில் பிரிந்தேன். இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு, தொலைவில் பெரியகுளத்துத் தோப்புகள். இந்தச் சுற்றின் உச்சம் இந்த இறக்கம்தான் என்பேன்.

மதுரை நண்பர் இதே பாதையை எதிர்த்திசையில் ஓட்டக் கேட்டிருக்கிறார். நான் வரைந்த பாதைக் கோப்பை அப்படியே தலைகீழாக்கினால் உதவாது. சந்திப்பைத் தாண்டி வைத்த புள்ளிகள் எல்லாம் சந்திப்புக்கு முன்னால் வந்துவிடும். பிரியும் இடத்தில் கருவி தன் விருப்பப்படி வேறு சாலையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் மறுபக்கம் நகர்த்தித் தனிக் கோப்பாகவே செய்து அனுப்பியிருக்கிறேன். ஏற்றம் கடுமை என்பதால் பெரியகுளத்திலேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, காலை வெளிச்சத்தில் ஏறச் சொல்லியிருக்கிறேன்.