புதிய ஆசிரியரின் வகுப்பில் நாற்பது நிமிடம்: மலையகத்தில் நாங்கள் வழிகாட்டும் விதம்

இலங்கையின் மலையகப் பாடசாலைகளுக்குப் புதிய ஆசிரியர்கள் ஒரே வழியில் வருவதில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியும் முடித்து வருகிறவர்கள் உண்டு. 2015 அளவில் நியமனம் பெற்ற உதவி ஆசிரியர்களைப் போல, உயர்தரப் பரீட்சைத் தகைமையோடு நேரே வகுப்புக்குள் போய்ப் பிறகு பயிற்சி பெற்றவர்களும் உண்டு. முதல் வகையினர் பாடக்குறிப்பை நேர்த்தியாக எழுதுவார்கள், நேரத்துக்குள் முடிக்கத்தான் திணறுவார்கள். இரண்டாம் வகையினருக்குப் பிள்ளையையும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தையும் நன்றாகத் தெரியும், பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கத்தான் உதவி வேண்டும். இருவருக்கும் ஒரே செயலமர்வை நடத்துவது வீண்.

அதனால் ஒவ்வொருவருடைய வகுப்பிலும் போய் உட்கார்ந்து பார்த்து வழிகாட்டுகிறோம். வகுப்புக்குள் போவதற்கு முன் அந்த ஆசிரியரோடு கால் மணி நேரம் பேசுகிறோம். கேட்பது ஒரே கேள்வி: "இந்தப் பாடத்தில் எந்த இடம் உங்களுக்குக் கையை விட்டுப் போகிறது?" அவர் சொல்லும் இடத்தை மட்டுமே பார்க்கிறோம். கரும்பலகை, கையெழுத்து, வரவு இடாப்பு என்று எல்லாவற்றையும் பார்க்கப் போனால் அது மேற்பார்வை ஆகிவிடும். அப்புறம் அந்த டீச்சர் நமக்காக ஒரு பாடத்தைத் தயார் செய்து காட்டுவாரே தவிர, வழக்கமான பாடத்தைக் காட்டமாட்டார்.

உள்ளே போனதும் பக்கச் சுவரோரம் உட்கார வேண்டும். பின்வரிசையில் இருந்தால் பிள்ளைகளின் முகம் தெரியாது. ஒரு தாளில் இருக்கைகளை வரைந்து, யார் பதில் சொன்னாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போடுகிறோம். இடது ஓரத்தில் நேரம். அனேகமாக முன்வரிசையிலும் நடுவிலும் கோடுகள் குவிந்து கிடக்கும், ஜன்னலோரம் வெறுமையாக இருக்கும். நாற்பது நிமிடப் பாடத்தில் அறிமுகமே கால் மணியைத் தாண்டியிருப்பதும் அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்கிறோம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கிறார்கள். "விளங்கினதா?" என்றால் வகுப்பே "ஆமாங்க டீச்சர்" என்கிறது. கொப்பிகளைப் பார்த்தால் பலரிடம் 35. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டார்கள். இதற்கு ஈர்க்குக் குச்சி போதும். பத்துப் பத்தாக றப்பர் பட்டி போட்ட நான்கு கட்டு, தனியாக இரண்டு. ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்த்து, பன்னிரண்டிலிருந்து ஏழை எடுக்க வேண்டும். ஆசிரியர் அவிழ்த்துக் காட்டினால் கொப்பியில் மறுபடி 35 வரும். "விளங்கினதா?" என்பதை விட்டுவிட்டு, விடையைத் துண்டுத் தாளில் எழுதி எல்லாரையும் ஒரே நேரத்தில் உயர்த்தச் சொன்னால் யாருக்குப் பிடிபடவில்லை என்று உடனே தெரியும்.

தடுப்பில்லாத நீண்ட மண்டபங்களில் இன்னொரு சிக்கல். பக்கத்து வகுப்பில் பாட்டு நடக்கும்போது இங்கே வாசிப்பு எடுபடாது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று புதியவர் தன்னையே நொந்துகொள்வார். இதை அவரால் தனியாகத் தீர்க்க முடியாது. இரு வகுப்பும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார, பலகைகளை மண்டபத்தின் இரு கோடிக்கும் மாற்றுங்கள். ஒரு பக்கம் சத்தமான வேலை நடக்கும்போது மறுபக்கம் எழுத்து வேலை வருமாறு இரு ஆசிரியர்களையும் சேர்த்து வைத்து நேரசூசியை மாற்றுங்கள். அதிபரின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

வகுப்பு நடக்கும்போது எழுந்து போய் நாமே கற்பிக்கத் தொடங்குவது பெரிய தவறு. பிள்ளைகள் முன்னால் இறங்கிய மதிப்பை அவர் அந்தத் தவணை முழுவதும் மீட்கப் பாடுபடுவார்.

பின்பேச்சு அன்றே, அவர் பஸ்ஸுக்குப் போகும் முன். முதலில் அவர் பேசட்டும். பிறகு இருக்கைத் தாளை அவர் கையில் கொடுத்துப் பேசாமல் இருங்கள்; ஜன்னலோர வெறுமையை அவரே கண்டுபிடிப்பார். மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் தீர்மானித்து, அவருடைய குறிப்புக் கொப்பியில் அவரே எழுதட்டும். பாடசாலையின் அதிகாரபூர்வப் பதிவேடான சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் இது ஏறக்கூடாது. ஏறினால் அடுத்த முறை அவர் கஷ்டத்தைச் சொல்லமாட்டார்.

இரண்டு வாரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும், அதே ஒன்றைப் பார்க்க. தீபாவளியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். வரவு குறைந்த வகுப்பில் இருக்கைத் தாள் எதையும் சொல்லாது.